பிள்ளையாரைப் பாதியில் நிறுத்தக் கூடாது

எங்கள் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். "இளைஞர்களுக்குப் பயன்படுத மாதிரி உங்க அனுபவத்தை எழுதுங்க அண்ணாச்சி" என்றார். இளைஞர்களுக்கு நான் என்ன சொல்ல? அவர்கள் லாரியில் கொண்டுவந்து அடுக்குகிற பெட்டிகள் என் வீட்டை விட உயரம். அவை முழங்க ஆரம்பித்தால் என் நெஞ்சில் இருக்கிற சளி இடம் மாறுகிறது. முப்பத்தாறு வருடம் தென்காசியிலும் சுற்று வட்டாரத்திலும் மைக் செட் போட்டவன், இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, பந்தி நடக்கிற பக்கமாகப் பார்த்து உட்காருகிறேன்.

ஆனால் போன மாதம் இலஞ்சியில் ஒரு கல்யாணத்தில் ஆபரேட்டர் தம்பி ஒருவர் தன் லேப்டாப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு நின்றுபோயிருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பி அதை முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் மூடியை மூடிவிட்டுத் தலையில் கை வைத்தார். பக்கத்தில் போய், "தம்பி, தொங்கிட்டோ?" என்று கேட்டேன். "ஆமா தாத்தா" என்றார். தாத்தா என்றதை மன்னித்தேன். எதைப் பற்றி எழுத வேண்டும் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தொழில் பழகிய கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு எனக்குப் பள்ளியும் பள்ளிக்கு நானும் போதும் என்று ஆகிவிட்டது. சங்கரலிங்க அண்ணாச்சியின் மைக் செட் கடையில் சேர்ந்தேன். இசைத்தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது. குழாய் ஸ்பீக்கரைக் கட்ட ஏறி மூன்று முறை மரத்திலிருந்து விழுந்தேன். அதில் ஒரு முறை மரமும் என்னோடு சேர்ந்து விழுந்தது. அது முருங்கை என்பதை ஏறிய பிறகுதான் கவனித்தேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அண்ணாச்சியைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஊரையே எழுப்புகிற குழாய்கள் பதினெட்டு வைத்திருந்தார், ஆனால் அவர் பேசினால் நாம் குனிந்துதான் கேட்க வேண்டும். மைக்கில் ஒரு வார்த்தை பேச மாட்டார். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒற்றை விரலால் இரண்டு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். யாரையும் பாராட்டியதும் இல்லை, கை நீட்டியதும் இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டு தடவை துடைத்தால் நாம் மறுநாள் கடைக்கு வரலாமா என்று யோசிக்க வேண்டும்.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. குழாயைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எதிர்த்திசையில் கட்ட வேண்டும். வயரை நடைபாதையில் விடக் கூடாது, விட்டால் அதன் மேல் மண் போட்டு மூட வேண்டும். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்கக் கூடாது, ஸ்டூலும் அதன் மேல் ஒரு துண்டும் வேண்டும். சாம்பிராணி காட்டிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். செட்டிலிருந்து வெளியே வருகிற முதல் சத்தம் பிள்ளையார் பாட்டாக இருக்க வேண்டும். இதை எங்கள் ஊரில் எல்லா மைக் செட்காரர்களும் செய்வார்கள். அண்ணாச்சி அதற்கு மேலே ஒரு விதி வைத்திருந்தார். பிள்ளையார் பாட்டை ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. பாட்டு நாலரை நிமிடம். மந்திரியே மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நாலரை நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும். கரண்ட் போனால் மட்டும் அந்தப் பாவம் நமக்கு இல்லை. ஆனால் கரண்ட் வந்ததும் முதலிலிருந்து போட வேண்டும்.

சாவு வீட்டுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அங்கே பிள்ளையாருக்கு வேலை இல்லை. எடுத்த எடுப்பில் சங்குச் சத்தம், அப்புறம் வாழ்க்கை வெறுத்த பாட்டுகள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குள்தான் அந்தப் பிளேயர் வந்தது. அண்ணாச்சியின் மச்சினர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தார். அதற்கு ஒரு பெயர் இருந்தது, எழுத மாட்டேன், எழுதினால் கை கழுவ வேண்டியிருக்கும். சவுக்காரக் கட்டி அளவு, முன்னால் ஒரு சின்னத் திரை, அஞ்சு பொத்தான். உள்ளே ஆயிரம் பாட்டு கொள்ளும் என்றார்கள். அன்று சாயங்காலமே அண்ணாச்சி கடையில் இருந்த கேசட், சிடி எல்லாவற்றையும் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். சிடி பிளேயரை செங்கோட்டையில் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே அவசரக் காரியம் அதுதான்.

ஒரு வாரத்தில் அதன் குணம் தெரிந்தது. தமிழ் எழுத்து அதற்கு வராது. பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். சரி என்று நான் ஒரு நோட்டுப் போட்டு நம்பர் எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று பிள்ளையார், இரண்டு முருகன், நூற்றுப் பதினாலு கெட்டிமேளம், இப்படி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அது தொங்குவது. பாட்டை நிறுத்தி மறுபடி போட்டால் தொங்கும். வேகமாகப் பொத்தானை அமுக்கினால் தொங்கும். மெதுவாக அமுக்கினாலும், எதற்கு இவ்வளவு மெதுவாக அமுக்குகிறாய் என்று கேட்பது போல் தொங்கும். தொங்கினால் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கின் முனையை விட்டுக் குத்த வேண்டும். குத்தினால் ஒரு பெண் இங்கிலீஷில் "வெல்கம்" என்பாள். உடனே, நாம் கேட்காமலே, முழுச் சத்தத்தில், முதல் நம்பர் பாட்டைப் போட்டுவிடும்.

முதல் நம்பர் யார்? பிள்ளையார். ஆரம்பித்தால்? நிறுத்தக் கூடாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், என் பாடு புரியும். சடங்கு வீட்டில் பிள்ளையார், மாலையில் வரவேற்பில் பிள்ளையார், பந்தியில் பாயசத்துக்கு நடுவில் பிள்ளையார். ஒரு கல்யாணத்தில் எட்டுத் தடவை போட்டேன். பிள்ளையார் பாட்டு கேட்டால் விசேஷம் இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று நம் ஆட்கள் நினைப்பார்கள் அல்லவா? தாலி கட்டி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வந்த ஒரு பெரியவர், "நல்ல வேளை, நேரத்துக்கு வந்துட்டேன்" என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். அவரை யாராலும் எழுப்ப முடியவில்லை.

"அண்ணாச்சி, மிஷின்ல கோளாறு இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மிஷின்ல ஒண்ணுமில்ல. ஒன் கையில சூடு ஜாஸ்தி" என்றார்.

"அப்பம் ஒண்ணாம் நம்பர்ல வேற எதையாவது வச்சிருவோமா? தொங்கினா அது போடட்டும்."

கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல பிள்ளையார் இல்லாத பெட்டி நம்ம கடையில எதுக்குலே?" ஒரு தடவை துடைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

கம்பெனியின் உதவி எண்ணுக்கும் போன் செய்தோம். ஒரு பெண் பேசினாள். நான் பத்து நிமிடம் விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டுப் போடச் சொன்னாள். போட்டேன். பிள்ளையார் பாடினார். "நவ் இட் இஸ் வொர்க்கிங் சார்" என்று சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது, புதுசு ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். ஏற்றினார். தொங்குவது அப்படியே இருந்தது, ஆனால் திரையில் இருந்த எழுத்தெல்லாம் சீனமாகிவிட்டது. பழையபடி மாற்ற முடியுமா என்று கேட்டேன். மொழியை மாற்றுகிற இடம் உள்ளே எங்கேயோ இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுபிடிக்கச் சீனம் தெரிய வேண்டும் என்றார். ஆக, நாற்பது வயதில் நான் சீனம் படித்தேன். ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி ஓர் எழுத்து வந்தால் பாட்டுப் பட்டியல். குடை பிடித்த ஆள் மாதிரி வந்தால் பக்கத்திலேயே போகக் கூடாது, எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்கும். தென்காசியில் அந்தக் காலத்தில் இவ்வளவு சீனம் தெரிந்த ஆள் என்னைத் தவிர யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சாவு வீட்டுக்காக ஒரு தனி மெமரி கார்டு போட்டு வைத்திருந்தோம். அதில் பிள்ளையார் கிடையாது. சுரண்டையில் ஒரு பெரிய சாவு. கார்டைப் போட்டு, சங்கு ஊதி, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குத் தொங்கியது. குத்தினேன். குத்தினால் அது கார்டை மறந்துவிட்டு, பெட்டிக்கு உள்ளே இருக்கிற பாட்டைத் தேடிப் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "வெல்கம்" என்றாள் அவள், சாவு வீட்டில். தொடர்ந்து பிள்ளையார் பாட்டு, நாலு குழாயிலும். அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். இறந்தவரின் மூத்த மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தார்.

நிறுத்தியிருக்கலாம். கை பொத்தானுக்குப் போனது. ஆனால் இருபத்தைந்து வருடம் பழகிய கை, நிறுத்த மாட்டேன் என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். நல்ல வேளையாக இறந்தவரின் தம்பி குறுக்கே வந்து, "விடுலே, அண்ணன் தெனமும் பிள்ளையாரைக் கும்பிடாமக் காப்பி குடிக்க மாட்டாவ. அவருக்காவ பிள்ளையாரே வந்துட்டாரு" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். உடனே எல்லாரும் கும்பிட்டார்கள். முன்னைவிட நன்றாக அழவும் செய்தார்கள்.

கடைக்கு வந்து நடந்ததை அண்ணாச்சியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாதியில நிறுத்துனியா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் சரி" என்றார்.

இனி நான் சொல்ல வந்த கல்யாணம். அண்ணாச்சியின் ஒரே மகள் மீனாவின் கல்யாணம். ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் மண்டபம். முகூர்த்தம் ஒன்பது மணியிலிருந்து பத்தேகால் வரை. மாப்பிள்ளை வாசுதேவநல்லூர்க்காரர், ராணுவத்தில் இருந்தார். அண்ணாச்சி எனக்கும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "செட்டு நம்ம செட்டு. நீதான் போடணும்" என்றார். எந்தப் பிளேயர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

மேளக்காரர்கள் அன்று காலையில் சுரண்டையில் ஒரு முகூர்த்தத்தை முடித்துவிட்டு இங்கே வருவதாக ஏற்பாடு. எட்டரைக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த வாரம்தான் சீசன் நன்றாகக் களைகட்டியிருந்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று தெரிந்து தமிழ்நாட்டில் பாதிப் பேர் வேனைப் பிடித்து வந்திருந்தார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் வரை வண்டிகள் நகரவில்லை. ஒன்பதேமுக்காலுக்கு அண்ணாச்சி மேளக்காரர்களுக்குப் போன் போட்டார்.

"எங்கன நிக்கிய?"

"இலஞ்சி விலக்குல அண்ணாச்சி. அரை மணி நேரமா ஒரே எடத்துல நிக்கோம்."

"எறங்கி நடந்து வாங்களேன்."

"தவில் நனையுமேன்னு பாக்கோம். சாரல் விட மாட்டேங்கு."

ஐயர் மணியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அத்தை எழுந்து வந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"மேளம் இல்லாமத் தாலி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

"இல்ல மதினி, நேரம் போவுதுல்லா" என்று மீனாவின் அம்மா கெஞ்சினார்.

"நேரம் போவட்டும். இங்கன கேளுங்க, எத்தனை பேரு தும்முதாவன்னு. தாலி ஏறுத நேரத்துல ஒரு தும்மல் விழுந்துச்சுன்னா யாரு பொறுப்பு?"

அத்தை சொன்னது உண்மைதான். தாலி கட்டும்போது தும்மலோ, வேண்டாத பேச்சோ காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். வேறு ஊர் என்றால் ஒரு தும்மல், இரண்டு தும்மல். இது குற்றாலம், சீசன் நேரம். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் விடியற்காலையிலேயே அருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். மண்டபத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒருவர் வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, தும்மலுக்குத் தயாராக இருந்தார். மேளம் வாசிக்கும் மொபைல் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார்கள். அப்போது எல்லாரிடமும் பொத்தான் வைத்த போன்தான். ஒருவருடையதில் தவளை கத்தியது.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. முகம் வெளிறியிருந்தது.

"வேலாயுதம், பிளேயர்ல கெட்டிமேளம் கெடக்குல்லா?"

"கெடக்கு அண்ணாச்சி. நூத்திப் பதினாலு."

"போடு" என்றார்.

முகூர்த்தம் முடிய இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அதை என் கணக்கில் பார்த்தால் ஐந்து பிள்ளையாரும் கொஞ்சமும்.

அட்சதைத் தட்டு வரிசை வரிசையாகப் போனது. மாப்பிள்ளை தாலியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தயாரானார். நான் ஏணி எழுத்தைப் பிடித்து, கீழே இறங்கி, நூற்றுப் பதினாலைக் கண்டுபிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினேன். ஐயர் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். பிளேயர் "டும்" என்றது. ஒரே ஒரு டும். தொங்கிவிட்டது.

அந்த ஒரு டும்முக்கே மண்டபத்தில் பாதிப் பேர் அட்சதையை எறிந்துவிட்டார்கள். ஒருவர் பெண்ணுக்கு மொய்க் கவரை நீட்டி வாழ்த்தும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் கை மீனாவின் கழுத்துக்கு அரை அடி தள்ளி நின்றது. நான் குத்தினேன். "வெல்கம்". பிள்ளையார்.

நாலரை நிமிடம் அப்படியே எல்லாரும் இருந்தோம். ராணுவத்துக்காரர் என்பதால் மாப்பிள்ளை கையைக் கீழே இறக்கவில்லை, இமைக்கவும் இல்லை. அட்சதைத் தட்டு மறுபடியும் போனது. பாட்டு முடிந்ததும் இரண்டாவது முறை முயன்றேன். இந்தத் தடவை பட்டியலுக்குள் போகும்போதே தொங்கியது. பிள்ளையார். "இன்னும் எத்தனை பிள்ளையார்யா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மூன்றாவது முறை நூற்றுப் பதினாலை அமுக்கினேன், நூற்றுப் பதின்மூன்று வந்தது. அது மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்திருந்த பேண்டு வாத்தியம். அதை மாற்றப் போய் மறுபடி தொங்கியது. குத்துகிற அவசரத்தில் ஊக்கு விரலில் ஏறிவிட்டது. பிள்ளையார்.

மணி பத்து எட்டு. இந்தப் பாட்டு முடியப் பத்து மணி பன்னிரண்டரை நிமிடம் ஆகிவிடும். பிறகு ஏணியைத் தேடி இறங்குவதற்குள் முகூர்த்தம் போய்விடும். இது எனக்குத் தெரிந்த மாதிரி அண்ணாச்சிக்கும் தெரிந்தது. அவர் மணமேடையிலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்தார். மீனா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மாலை கனத்து, நெற்றியில் வியர்த்து, அப்படி அவள் மணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அத்தை மாப்பிள்ளையின் அப்பாவிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தலையை ஆட்டினார். மகளின் கல்யாணம் தன் செட்டாலேயே கெட்டது என்று ஆனால் அந்த மனுஷன் தாங்க மாட்டார்.

அண்ணாச்சி கையில் இருந்த அட்சதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தார். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றி ஸ்டூலில் வைத்தார். துடைக்கவில்லை. இடது கையால் வலது காதையும் வலது கையால் இடது காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். பட்டு வேட்டியோடு, ஒன்று, இரண்டு, மூன்று என்று. பெண்ணின் தகப்பனாரே போடுகிறார், இது ஏதோ சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து முன்வரிசையில் இருந்த நாலைந்து பெரியவர்களும் எழுந்து போட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மண்டபத்தில் பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அந்த ஆட்டத்தில் இரண்டு பேர் தும்மினார்கள்.

ஏழாவது கரணத்தோடு அண்ணாச்சி நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது.

"நிறுத்துலே" என்றார்.

"அண்ணாச்சி..."

"பாவம் எனக்கு. நிறுத்து."

நிறுத்தினேன். என் வாழ்க்கையில் பிள்ளையாரைப் பாதியில் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். நிறுத்திவிட்டு ஏணி எழுத்தைத் தேடினேன். ஏணி இல்லை. குடை இல்லை. திரையே இல்லை. பெட்டி செத்துக் கிடந்தது. குத்தினேன். மறுபடி குத்தினேன். "வெல்கம்" சொல்லக் கூட அவள் வரவில்லை. அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் ஐயர் இனிமேல் பொறுக்க முடியாது என்று எழுந்து, விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்திவிட்டார்.

அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. மைக்கை எடுத்தேன். "டும் டும் டும்! தகதக டும் டும்! தகதக தகதக டும் டும்!" என்று வாயாலேயே ஆரம்பித்துவிட்டேன். நாலு குழாயிலும் என் குரல். எனக்கே அது யாரோ என்று இருந்தது. மண்டபம் ஒரு விநாடி திகைத்தது. மாப்பிள்ளை திகைக்கவில்லை. அவர் கை இருபது நிமிடமாக உத்தரவுக்குக் காத்திருந்தது. சட்டென்று முன்னால் போய் முதல் முடிச்சைப் போட்டார்.

ஆனால் கெட்டிமேளம் என்றால் தவில் மட்டும் போதுமா? நாயனம் இல்லாமல் என் சத்தம் யாரோ கதவை உடைக்கிற மாதிரி இருந்தது. எனக்கு மூச்சும் தீர்ந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு மாமா வாயைப் பிளந்து தும்மப் போவதைப் பார்த்தேன். நிறுத்தினால் போச்சு. அப்போது என் காதருகே ஒரு சத்தம் வந்தது.

"பீ... பீபீ பீ... பீபீபீ பீ..."

திரும்பினால் அண்ணாச்சி. மைக்கை என் கையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மைக்கில் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாயனம் வாசித்தார். சுருதியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் என்ன சத்தம்! இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த குரல் எல்லாம் சேர்ந்து வந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நானும் தவிலை விடவில்லை. நாத்தனார் இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் போட்டு முடிக்கும் வரை நாங்கள் இருவரும் கொட்டித் தீர்த்தோம். யார் தும்மினார்கள், யார் தும்மவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. அட்சதை மழையாக விழுந்தது.

மீனாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்து அத்தை கைக்குட்டையைக் கொடுத்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அத்தையும் சிரித்துவிட்டார். "நல்ல மேளம்தான்யா வச்சிருக்காவ" என்றார். அதற்குப் பிறகு அவர் குரலில் கனம் இல்லை.

பத்தரைக்கு மேளக்காரர்கள் தவிலைப் பாலிதீன் உறையில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு, நனைந்து போய் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர்களை நேரே பந்திக்கு அனுப்பினோம்.

பந்தியில்தான் அந்தப் பெட்டி கடைசியாக ஒரு வேலை செய்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார் முடிந்து ரசம் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி அப்பள வாளியோடு வரிசையில் நடந்துகொண்டிருந்தார். நான் மைக் வயரைச் சுருட்டிவிட்டுப் பெட்டியைப் பையில் போடப் போனேன். குத்தவில்லை, அமுக்கவில்லை, தொட்டேன், அவ்வளவுதான். திரை விழித்துக்கொண்டது. நாலு குழாயும் இன்னும் இணைப்பில்தான் இருந்தன.

நூற்றுப் பதினாலு. கெட்டிமேளம். அசல் தவில், அசல் நாயனம், ஒரு பிசிறு இல்லை.

பந்தியில் இருந்தவர்கள் பழக்கத்தில் கையைத் தூக்கினார்கள். கையில் ரசம் சோறு. இரண்டு பேர் எறிந்தும் விட்டார்கள். பக்கத்து இலைக்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டு ஏச ஆரம்பித்தார். நான் பதறிப் போய் அணைக்கக் கை வைத்தேன்.

"ஏலே, நிறுத்தாத" என்றார் அண்ணாச்சி.

அப்பள வாளியைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் விட்டார். தாலி ஏறிய நேரத்தில் அவருடைய இரண்டு கையும் மைக்கில் இருந்தன, அந்த அட்சதை பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அதை எடுத்து, மகள் பக்கத்தில் போய் நின்று, அவள் தலையிலும் மாப்பிள்ளை தலையிலும் மெதுவாகப் போட்டார்.